விமானம் இல்லாத வான்படை: 50ஆவது இந்திய பாராசூட் பிரிகேட் உருவான கதை

இரண்டாம் உலகப்போரில் இந்தியாவில் திரட்டப்பட்ட பாராசூட் படையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. 1941 அக்டோபரில் தில்லியில் தொடங்கப்பட்ட 50ஆவது இந்திய பாராசூட் பிரிகேட், தன் மிகப் பெரிய போரை வானிலிருந்து குதித்து நடத்தவில்லை. 1944 மார்ச்சில் மணிப்பூர் மலைகளில் தரையில் நின்று நடத்தியது. எந்த வேலைக்காக அந்தப் படை ஆண்டுக்கணக்கில் பழக்கப்பட்டதோ அந்த வேலை அதற்குக் கிடைக்கவில்லை, கிடைத்த வேலைக்கு வேண்டிய சாதனங்கள் அதனிடம் இல்லை. இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள, அந்தப் படை எப்படி உருவாக்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1940 மே மாதம் பெல்ஜியத்தின் எபன் எமேல் கோட்டையை ஜெர்மானியர்கள் எஞ்சின் இல்லாத விமானங்களான கிளைடர்களில் வந்திறங்கிக் கைப்பற்றியது, வான்வழிப் படைகளைப் பற்றி அதுவரை அலட்சியமாக இருந்த நாடுகளை உலுக்கியது. அடுத்த மாதமே பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், ஐயாயிரம் பேர் கொண்ட பாராசூட் படை ஒன்று வேண்டும் என்று உத்தரவிட்டார். மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ரிங்வே விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளி பிறந்தது. 1941 மே 20ஆம் தேதி ஜெர்மானியப் படைகள் கிரீட் தீவின்மீது குதித்தன. தீவு விழுந்தது, ஆனால் ஜெர்மனிக்கு ஏற்பட்ட இழப்பு மிகப் பெரிது. அந்த இழப்பைக் கண்ட ஹிட்லர் பெரிய அளவிலான பாராசூட் தாக்குதல்களைக் கைவிட்டார். அதே போரை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்த பிரிட்டனும் அமெரிக்காவும், ஒரு தீவையே வானிலிருந்து பிடிக்க முடிகிறதே என்று தங்கள் படைகளைப் பெருக்கத் தொடங்கின. இந்தியாவில், தலா சில நூறு வீரர்களைக் கொண்ட மூன்று பட்டாலியன்கள் அடங்கிய பாராசூட் பிரிகேட் அமைப்பதற்கு லண்டனின் ஒப்புதல் கிடைத்ததும் இந்தக் காலத்தில்தான்.

பிரிகேடியர் கஃப் தலைமையில் மூன்று பட்டாலியன்கள் திரட்டப்பட்டன. 151ஆவது பட்டாலியன் இந்தியாவில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் படைகளிலிருந்தும், 152ஆவது இந்தியப் படைப்பிரிவுகளிலிருந்தும், 153ஆவது பல்வேறு கூர்க்கா ரெஜிமெண்ட்களிலிருந்தும் முன்வந்தவர்களைக் கொண்டு அமைந்தன. இந்த ‘முன்வந்தவர்கள்’ என்பதன் பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அக்கால இந்திய ராணுவத்தில் ஒரு சிப்பாய்க்கு ரெஜிமெண்ட் என்பது ஏறத்தாழ ஊரும் உறவும் போன்றது. அவன் தந்தையும் பெரியப்பாவும் அதே ரெஜிமெண்டில் இருந்திருப்பார்கள். பட்டாலியனின் உட்பிரிவுகளான கம்பெனிகள்கூடச் சாதி, சமய, வட்டார அடிப்படையில் பிரிக்கப்பட்டிருந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டு, இன்னும் பெயர்கூட ஊன்றாத, எண் மட்டுமே கொண்ட ஒரு பட்டாலியனுக்கு ஒருவன் வருகிறான் என்றால், பாராசூட்டுக்கு முன்பே அவன் ஒரு பெரிய குதிப்பைக் குதித்துவிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். வெவ்வேறு படைகளின் பழக்கங்களோடு வந்த இவர்களை ஒரே பட்டாலியனாக இணைப்பது, குதிக்கக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினமான வேலையாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

பயிற்சிப் பள்ளி தில்லியின் வில்லிங்டன் விமான நிலையத்தில், அதாவது இன்றைய சஃப்தர்ஜங் விமான நிலையத்தில், தொடங்கியது. பள்ளி என்ற பெயர் இருந்ததே தவிர, பள்ளிக்கு வேண்டியவை இருக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் பழக வேண்டிய இடத்தில், தொடக்கத்தில் பத்துப் பதினைந்து பாராசூட்டுகளே இருந்தன. குதிப்பதற்குக் கிடைத்த விமானம் விக்கர்ஸ் வலென்ஷியா: இரட்டை இறக்கைகளும் மெதுவான வேகமும் கொண்ட, காலம் கடந்துபோன துருப்பு விமானம். ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் போர் நடந்துகொண்டிருக்கையில் புதிய விமானம் எதையும் இந்தியாவின் பயிற்சிப் பள்ளிக்கு யாரும் ஒதுக்கவில்லை. அதன் தரையில் ஒரு துளை வெட்டப்பட்டு, வீரர்கள் அதன் வழியாகக் கீழே இறங்கினார்கள்.

அந்தத் துளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பயிற்சியின் பாதி அதைச் சுற்றியே அமைந்தது. துளையின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு, உத்தரவு கிடைத்ததும் உடலை நேராக விறைத்துக்கொண்டு நழுவ வேண்டும். கொஞ்சம் அதிகமாக உந்தினால் முகம் எதிர் விளிம்பில் மோதும். போதுமான அளவு உந்தாவிட்டால் முதுகில் இருக்கும் பாராசூட் பை பின் விளிம்பில் இடித்து, முகத்தை முன்னே தள்ளும். இங்கிலாந்தின் ரிங்வே பள்ளியிலும் இதே துன்பம் இருந்தது. ஆகவே தரையிலேயே மரத்தால் செய்த மாதிரித் துளைகளில் மீண்டும் மீண்டும் இறங்கிப் பழகினார்கள். உயரமான சட்டங்களிலிருந்து தொங்கி ஆடி, கால்களைச் சேர்த்து, முழங்காலைச் சற்று மடக்கி, தரையைத் தொட்டவுடன் பக்கவாட்டில் உருள்வதைப் பழகினார்கள்.

பாராசூட்டைத் திறக்க வீரன் எதையும் இழுக்க வேண்டியதில்லை. விமானத்தின் உள்ளே ஒரு கம்பியில் கொக்கியால் மாட்டப்பட்ட நாடாவின் மறுமுனை பாராசூட் பையோடு இணைந்திருக்கும். வீரன் விழும்போது நாடா இறுகி, பாராசூட்டை வெளியே இழுத்துவிடும். இந்த ஏற்பாட்டினால்தான் சில நூறு அடி உயரத்திலிருந்தே குதிக்க முடிந்தது. அறுநூறு அடியிலிருந்து குதித்தவன் அரை நிமிடத்துக்குள் தரையைத் தொடுவான். எதிரி அவனைக் குறிபார்க்கக் கிடைக்கும் நேரமும் அவ்வளவுதான். ஆனால் அந்த நாடாவோ, மடிப்போ தவறினால் அவனுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அமெரிக்க வீரர்கள் மார்பில் ஒரு மாற்றுப் பாராசூட்டையும் கட்டிக் குதித்தார்கள். பிரிட்டிஷ் முறையில் குதித்தவர்களுக்கு அந்தப் போர் முடியும்வரை அப்படி ஒன்று தரப்படவில்லை. எனவே மடிப்பு மேசையில் நின்று பாராசூட்டை மடித்துக் கட்டியவர்களின் கைகளில்தான் ஒவ்வொரு உயிரும் இருந்தது. ஈரப்பட்ட பாராசூட்டைத் தொங்கவிட்டு நன்றாக உலர்த்திய பிறகே மடிக்க முடியும் என்பதால், மழைக்காலத்தில் இந்த வேலை இன்னும் கடினமாகியது.

இன்னொன்றும் உண்டு. விமானம் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொண்டால், ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 45 மீட்டர் கடக்கும். பத்துப் பேர் ஒரு வினாடி இடைவெளியில் குதித்தால் முதல்வனுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே நானூறு மீட்டர் தூரம் விழும். ஒருவன் துளையருகே ஒரே ஒரு கணம் தயங்கினாலும் அவனுக்குப் பின்னால் வருபவர்கள் அனைவரும் இன்னும் தூரம் தள்ளிப் போய் விழுவார்கள். ஆயுதங்களில் பெரும்பகுதி தனிக் கொள்கலன்களில் தனியாக இறங்கும் என்பதால், இறங்கியவுடன் முதலில் செய்ய வேண்டியது அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான். பாராசூட் வீரனுக்குத் தயங்காமை அவ்வளவு வற்புறுத்திக் கற்றுத்தரப்பட்டதற்கு வீரம் பற்றிய பேச்சைவிட இந்தக் கணக்கே உண்மையான காரணம்.

அந்தத் தொடக்க நாட்களில் குதித்தவர்களில் இருவரை இந்திய ராணுவ வரலாறு முதல் இந்தியப் பாராசூட் வீரர்களாகப் பதிவு செய்திருக்கிறது. ஒருவர் 152ஆவது பட்டாலியனின் மருத்துவ அதிகாரியாக இருந்த லெப்டினன்ட் ஏ. ஜி. ரங்கராஜ், மற்றவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். வானிலிருந்து இறங்கும் படையில் மருத்துவரும் குதித்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் காயம்பட்டவனைப் பின்னால் கொண்டுசெல்லப் பாதை எதுவும் இருக்காது. ரங்கராஜ் பின்னாளில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவுக்குத் தலைமையேற்றுக் கொரியா சென்றார். 1951 மார்ச் 23 அன்று முன்சான்-நியில் அமெரிக்கப் பாராசூட் படையினரோடு இந்திய மருத்துவர்களின் சிறு குழுவும் குதித்தது. அவருக்கு மகாவீர் சக்ரா என்ற வீர விருது வழங்கப்பட்டது. ராணுவத்துக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியிலும் அவர் ஈடுபட்டார். இத்தகைய ஒரு வாழ்வு நம் பள்ளிப் பாடநூல்களில் ஒரு பத்தியாவது இடம்பெறத் தகுதியானது.

1942இல் பர்மா விழுந்தது. ஜப்பானியர் இந்திய எல்லைக்கு வந்துவிட்டபின், அரைகுறையாகப் பழகியிருந்த இந்தப் படையிடமிருந்தும் சிறுசிறு பணிகள் கேட்கப்பட்டன. அந்த ஆண்டு ஜூலையில் கூர்க்கா பட்டாலியனிலிருந்து கேப்டன் ராபர்ட்ஸ் தலைமையில் ஒரு சிறு குழு வடக்கு பர்மாவின் மிச்சினா வட்டாரத்தில் உளவறியக் குதித்தது. ஆகஸ்டு 13 அன்று கேப்டன் நியூலாண்ட் தலைமையில் இன்னொரு குழு வட கோடியிலிருந்த ஃபோர்ட் ஹெர்ட்ஸில் இறங்கி, அங்கிருந்த ஓடுபாதையைச் சீரமைத்துப் பெரிய விமானங்கள் இறங்க வழி செய்தது. ஜப்பானியரிடம் விழாமல் எஞ்சியிருந்த அந்த மூலை போர் முழுவதும் நேச நாடுகளுக்குப் பயன்பட்டது. அதே காலத்தில் சிந்து மாகாணத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஹுர் சமூகக் கிளர்ச்சியாளர்களுக்கு எதிராக ஒரு கம்பெனி குதிக்க வைக்கப்பட்டது. அதில் குறிப்பிடத்தக்க மோதல் நடக்கவில்லை. சொந்த நாட்டு மக்கள்மீது இந்தப் படையை ஏவியது காலனிய அரசின் இயல்பைக் காட்டும் நிகழ்ச்சி. படையின் வளர்ச்சியில் அதற்குப் பெரிய பங்கில்லை.

1942இன் பின்பகுதியில் பயிற்சிப் பள்ளி ராவல்பிண்டிக்கு அருகிலுள்ள சக்லாலாவுக்கு மாறியது. பிரிகேட் காம்ப்பெல்பூருக்குப் போனது. சக்லாலா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஐந்நூறு மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடையின் வெப்பமும் அந்த உயரமும் சேர்ந்து காற்றின் அடர்த்தியைக் குறைப்பதால், இங்கிலாந்தில் குதிப்பதைவிட இங்கே வீரன் சற்று வேகமாகவே தரையில் மோதுவான். காலப்போக்கில் ஹட்சன் விமானமும், பின்னர் டகோட்டா விமானமும் வந்தன. டகோட்டா வந்த பிறகு துளையில் உட்கார வேண்டிய அவசியம் போய், பக்கவாட்டுக் கதவு வழியாக வரிசையாக நடந்து குதிக்கும் முறை ஏற்பட்டது. கற்பித்தவர்கள் விமானப்படையினர், கற்றவர்கள் தரைப்படையினர். இரண்டு படைகளுக்கும் இடையே இப்படி ஒரு நெருக்கம் அக்கால இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைத்ததில்லை. பாராசூட்டுகளை இந்தியாவிலேயே செய்வதற்காகக் கான்பூரில் 1941இல் தொடங்கப்பட்ட தொழிற்சாலையும் பற்றாக்குறையை மெல்ல மெல்லத் தணித்தது. இதே பற்றாக்குறையின் இன்னொரு விளைவாக, பர்மா போர்முனையில் சரக்குகளைப் போடுவதற்கு வங்காளத்துச் சணலால் செய்த பாராசூட்டுகள் பயன்பட்டன. ஆட்களுக்கு அவை உதவவில்லை என்றாலும், பட்டும் நைலானும் கிடைக்காத நாட்டில் எது கிடைத்ததோ அதைக் கொண்டு ஒரு படை எவ்வாறு உயிர் பிழைத்தது என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இதற்கிடையே பிரிகேட்டின் ஒரு பகுதி கழன்றது. 151ஆவது பட்டாலியன் மத்தியக் கிழக்குக்கு அனுப்பப்பட்டு, 156 என்று எண் மாற்றப்பட்டு, 1944 செப்டம்பரில் ஹாலந்தின் ஆர்னெம் போரில் கடும் இழப்பைச் சந்தித்தது. அதன் இடத்தை நிரப்ப பர்மாவிலிருந்து பின்வாங்கி வந்திருந்த 7ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸின் மூன்றாம் பட்டாலியன் முழுமையாகவே 154ஆவது பாராசூட் பட்டாலியனாக மாற்றப்பட்டது. ஆள் ஆளாகப் பொறுக்கி எடுப்பதற்கும் ஒரு பட்டாலியனை அப்படியே மாற்றுவதற்கும் வேறுபாடு உண்டு: முதல் முறையில் துடிப்பான ஆட்கள் கிடைப்பார்கள், ஆனால் ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள், இரண்டாவதில் ஏற்கெனவே போர் கண்ட, ஒருவரை ஒருவர் அறிந்த குடும்பம் கிடைக்கும், ஆனால் ஒவ்வொருவரும் குதிக்க ஏற்றவராக இருக்கமாட்டார். போர் நீண்டபோது எல்லா நாடுகளும் இரண்டு முறைகளையும் கலந்தே கையாண்டன.

1944இன் தொடக்கத்தில், பிரிகேடியர் ஹோப்-தாம்சன் தலைமையில் இருந்த பிரிகேட்டுக்கு வான்வழிப் பணி எதுவும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இல்லை. பெரும் எண்ணிக்கையில் ஆட்களைக் குதிக்கவிடும் அளவுக்கு விமானங்கள் பர்மா முனையில் இல்லை. இருந்தவை சரக்குக்கே போதவில்லை. ஆகவே காட்டுப் போர்ப் பயிற்சிக்காக அவர்களை நாகா மலைகளுக்கு அனுப்பினார்கள். இம்பாலுக்கு வடகிழக்கே உக்ருல் வட்டாரத்தில் அவர்கள் பரவியிருந்தபோதுதான் பல ரெஜிமெண்ட்கள் கொண்ட பெரும்படையான ஜப்பானிய 31ஆவது டிவிஷன், கோஹிமாவை நோக்கி, யாரும் எதிர்பாராத வேகத்தில் அந்த வழியே வந்தது.

மார்ச் 19 அன்று 7378 எண் குன்றில் இருந்த 152ஆவது பட்டாலியனின் சி கம்பெனிமீது முதல் அடி விழுந்தது. மறுநாள் அந்தக் கம்பெனி அழிந்தது. தப்பியவர்கள் ஏறத்தாழ இருபது பேர். மற்றவர்கள் பின்வாங்கி, 22ஆம் தேதி சாங்ஷாக் என்ற நாகா சிற்றூரின் மேட்டில் ஒன்றுதிரண்டார்கள். 152, 153 பட்டாலியன்களோடு மராத்தா லைட் இன்ஃபன்ட்ரியின் ஒரு பட்டாலியனும், நேபாளப் படையின் காளிபகதூர் ரெஜிமெண்ட் கம்பெனிகளும், மலைப் பீரங்கிப் பிரிவும் இருந்தன. 154ஆவது பட்டாலியன் இன்னும் வந்துசேரவில்லை. சில நூறு மீட்டர் நீளமே கொண்ட அந்த மேட்டில் மூன்றடி தோண்டினால் பாறை. முள்கம்பி இல்லை. வளையத்துக்குள் தண்ணீர் ஊற்று இல்லை. காயம்பட்டவர்களை வெளியேற்ற வழியில்லை. ஒரு முனையில் நின்ற பாப்டிஸ்ட் தேவாலயம் கைமாறிக் கைமாறிப் போர்க்களத்தின் மையமானது.

இங்கேதான் இந்தப் படையின் அமைப்பு அதற்கே எதிராகத் திரும்பியது. பாராசூட் பிரிகேட் என்பது இலேசாக இருக்க வேண்டும் என்ற கொள்கையில் கட்டப்பட்டது; வாகனமும் கனரக ஆயுதமும் குறைவு, ஓரிரு நாட்கள் பிடித்து நின்றால் பின்னால் வரும் பெரும்படை வந்து சேர்ந்துகொள்ளும் என்பதே கணக்கு. சாங்ஷாக்கில் பின்னால் யாரும் வரவில்லை. வானிலிருந்து போடப்பட்ட தண்ணீரும் குண்டுகளும் பெரும்பாலும் காற்றில் நகர்ந்து ஜப்பானியர் பக்கம் போய் விழுந்தன. காற்றில் ஒரு பாராசூட் எங்கே போகும் என்பதை அந்த நாட்டில் யாரைவிடவும் நன்றாக அறிந்தவர்கள், தாகத்தோடு அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் மார்ச் 26 இரவு வெளியேறும் உத்தரவு வரும்வரை அவர்கள் அந்த மேட்டை விடவில்லை. இறந்த ஜப்பானிய அதிகாரி ஒருவரிடமிருந்து, 31ஆவது டிவிஷன் முழுவதும் கோஹிமா நோக்கிச் செல்கிறது என்பதைக் காட்டும் வரைபடத்தையும் கைப்பற்றி இம்பாலுக்கு அனுப்பினார்கள். பிரிகேட்டின் இழப்பு ஏறத்தாழ அறுநூறு பேர். 152ஆவது பட்டாலியனில் மட்டும் முந்நூற்றைம்பது பேர் அளவுக்கு. ஜப்பானிய ஜெனரல் மியாசாகியின் கீழ் வந்த 58ஆவது ரெஜிமெண்ட் ஏறத்தாழ ஒரு வாரத்தை அங்கே இழந்தது. கோஹிமாவில் பெரும் மோதல் தொடங்கியது ஏப்ரல் 4 அன்று. அந்த ஒரு வாரம் இல்லாமலிருந்தால் கோஹிமாவில் தற்காப்பு இன்னும் பலவீனமாகவே இருந்திருக்கும்.

சாங்ஷாக் போர் முடிந்ததும் அவர்களுக்குக் கிடைத்தது பாராட்டு அன்று. ஹோப்-தாம்சன் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அந்தப் பிரிகேட் தடுமாறிவிட்டது என்ற பேச்சு நெடுநாள் நிலவியது. பிற்கால ஆய்வாளர்களே, ஜப்பானியத் தரப்பின் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்து, அங்கே நடந்தது என்ன என்பதை நிறுவினார்கள். அந்தப் பழி முற்றிலும் அநியாயமானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. தயங்காமையைத் தவிர வேறு எந்தச் சாதனமும் இல்லாமல் பாறைமேல் நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள்.

அதே ஆண்டில் படை விரிவடைந்து, மேஜர் ஜெனரல் டவுன் தலைமையில் 44ஆவது இந்திய வான்வழி டிவிஷன் உருவானது. பர்மாவில் எதிரியின் பின்புறம் ஊடுருவிப் போரிட்ட சிண்டிட் படையில் இருந்த 77ஆவது பிரிகேட் இரண்டாவது பாராசூட் பிரிகேடாக மாற்றப்பட்டது. 1945இல் இந்தியப் பாராசூட் ரெஜிமெண்ட் என்ற பெயரும் வந்தது: 152 இரண்டாகப் பிரிந்து முதலாவது, நான்காவது பட்டாலியன்களானது, 153, 154 கூர்க்கா பட்டாலியன்கள் இரண்டாவது, மூன்றாவது ஆயின. மூன்றரை ஆண்டுப் பயிற்சிக்குப் பின், 1945 மே 1 அன்று, பட்டாலியன் அளவிலான ஒரே குதிப்பு நடந்தது. ரங்கூனைக் கடல்வழியே பிடிக்கும் திட்டத்தில், ஆற்று முகத்துவாரத்தில் எலிஃபண்ட் பாயிண்டில் இருந்த பீரங்கிகளை முதலில் அடக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைய முடியாது. டிவிஷன் மறுசீரமைப்பில் இருந்ததால் இரண்டு கூர்க்கா பட்டாலியன்களிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து ஒரு கூட்டுப் பட்டாலியன் அமைத்து, ஃபோர்ட் ஹெர்ட்ஸில் குதித்த அதே நியூலாண்ட், இப்போது மேஜர், தலைமையில் அனுப்பினார்கள். குதிப்பு சீராக நடந்தது. ஆனால் முன்னேறிச் சென்ற கூர்க்காக்கள்மீது நேச நாட்டு விமானங்களே தவறுதலாகக் குண்டுவீசியதில் முப்பது பேர் அளவில் அடிபட்டார்கள்; எதிரே இருந்த ஜப்பானியர்களோ நாற்பது பேர்கூட இல்லை. ரங்கூனைவிட்டு ஜப்பானியப் படை ஏற்கெனவே வெளியேறிவிட்டிருந்தது.

1946இல் அந்த ரெஜிமெண்ட் கலைக்கப்பட்டது. பாராசூட் பணிக்கு ஏற்கெனவே நெடிய வரலாறு கொண்ட நிரந்தரக் காலாட்படைப் பட்டாலியன்களை மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. இன்று இந்தியப் பாராசூட் ரெஜிமெண்டின் முதல் மூன்று பட்டாலியன்களும் அவ்வாறு பஞ்சாப், மராத்தா, குமாவோன் ரெஜிமெண்ட்களிலிருந்து வந்தவை. 152 என்ற எண்ணுக்கு நேரடி வாரிசு இல்லாமல் போனதால், சாங்ஷாக்கின் நினைவை ஆண்டுதோறும் எடுத்துச் சொல்ல ஒரு குடும்பம் இல்லாமல் போனது. அந்தப் போர் இவ்வளவு காலம் மறக்கப்பட்டிருந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். 1947இல் நாடு பிரிந்தபோது 50ஆவது, 77ஆவது பிரிகேட்கள் இந்தியாவுக்கும் டிவிஷனின் இன்னொரு பிரிகேடான 14ஆவது பாகிஸ்தானுக்கும் போயின. சக்லாலா எல்லைக்கு அப்பால் போய்விட்டதால் இந்தியா தன் பாராசூட் பயிற்சிப் பள்ளியை ஆக்ராவில் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. 50ஆவது பிரிகேட் அந்த ஆண்டின் இறுதியிலேயே காஷ்மீரின் நௌஷேராவில், பிரிகேடியர் முகமது உஸ்மான் தலைமையில், மீண்டும் தரைப்படையாகவே நின்று போரிட்டது. 1948 ஜூலை 3 அன்று ஜாங்கரில் பீரங்கிக் குண்டு பட்டு உஸ்மான் உயிரிழந்தார்.